கடல் சலுகை தராது

ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தவருக்கே முதல் பரிசு. இதை நாம் தமிழ்ப்பள்ளித் திடலிலேயே கற்றுக்கொண்டோம். ஆனால், முதலில் வந்தவர் வெறுங்கையோடு வீடு திரும்ப, கால் மணி நேரம் கழித்து வந்தவர் கோப்பையைத் தூக்கிச் செல்லும் விளையாட்டு ஒன்றும் உண்டு. அதுதான் 'ஹேண்டிகேப்' முறையில் நடத்தப்படும் பாய்மரப் படகுப் போட்டி.

நம்மில் பலருக்கு இது பழக்கமில்லாத விளையாட்டு. பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. ஆயினும், இது நம் வாசலருகே நடக்கும் விளையாட்டுதான். கிள்ளான் துறைமுகத்தில் உள்ள அரச சிலாங்கூர் படகுச் சங்கம் 1990-ஆம் ஆண்டில் ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் பாய்மரப் படகுப் போட்டியைத் தொடங்கியது. வழக்கமாக நவம்பர் மாதத்தில் நடைபெறும் அப்போட்டியில் படகுகள் கிள்ளான் கடலிலிருந்து புறப்பட்டு, பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி வரை செல்லும். அதாவது ஜெராம், கோலா சிலாங்கூர், தஞ்சோங் காராங், சிகிஞ்சான், சபாக் பெர்ணம் என நம் வட சிலாங்கூர்க் கரை முழுவதையும் வலப்பக்கம் வைத்துக்கொண்டு அவை வடக்கே போகின்றன. அது பெரிய படகுகளின் போட்டி. அதைத் தவிர, ஒருவர் முதல் மூவர் வரை ஏறும் சிறு படகுகளுக்கான உள்ளூர்ப் போட்டிகளும் வார இறுதிகளில் ஆங்காங்கே நடப்பதுண்டு.

நான் கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளை. பல்கலைக்கழகப் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு, இத்தகைய உள்ளூர்ப் போட்டிகளில் மீட்புப் படகில் உதவியாளராகச் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். போட்டியில் வெல்வது எப்படி என்று எழுத எனக்குத் தகுதியில்லை. ஆனால், போட்டி தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு படகையும் நிறுத்தி, "வாளி எங்கே? கயிறு எங்கே? ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்கும் அந்த அரை மணி நேரத்தைப் பற்றி எழுத முடியும். இந்தப் பாதுகாப்பு விதிகள் என்ன, அவை ஏன் வந்தன, படகோட்டாத நமக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு என்பதை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

ஹேண்டிகேப் என்றால் என்ன?

போட்டிக்கு வரும் படகுகள் எல்லாம் ஒரே வகையாக இருந்தால் சிக்கல் இல்லை. உள்ளூர்ப் போட்டிகளில் அப்படி அமைவது அரிது. நீளமான படகு ஒன்று, குட்டைப் படகு ஒன்று, பெரிய பாய் கொண்டது ஒன்று, சிறுவர்கள் ஓட்டுவது ஒன்று என்று கலந்துதான் வரும். நீளமான படகு வேகமாகப் போகும். அது படகின் இயல்பே தவிர, ஓட்டியவரின் திறமை அன்று. திறமையை மட்டும் ஒப்பிட வேண்டுமானால் படகின் வேகத்தைக் கணக்கிலிருந்து கழித்தாக வேண்டும்.

இதற்கெனப் பல முறைகள் உள்ளன. சிறு படகுகளுக்கு எளிதானது இங்கிலாந்தில் உருவான 'போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக்' முறை. இதில் ஒவ்வொரு படகு வகைக்கும் ஓர் எண் உண்டு. வேகமான படகுக்குச் சிறிய எண். மெதுவான படகுக்குப் பெரிய எண். ஓடிய நேரத்தை 1000-ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் வருவதே திருத்திய நேரம். யாருடைய திருத்திய நேரம் குறைவோ அவரே வெற்றியாளர்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முதல் படகின் எண் 1100. அது 55 நிமிடங்களில், அதாவது 3,300 விநாடிகளில் வந்து சேர்கிறது. திருத்திய நேரம் 3,000 விநாடி. இரண்டாம் படகின் எண் 1400. அது 68 நிமிடங்களில், அதாவது 4,080 விநாடிகளில் வருகிறது. திருத்திய நேரம் ஏறக்குறைய 2,914 விநாடி. பதின்மூன்று நிமிடங்கள் பிந்தி வந்த படகு 86 விநாடி வேறுபாட்டில் வென்றுவிடுகிறது!

எவ்வளவு நியாயமான ஏற்பாடு பாருங்கள். பழைய படகு வைத்திருப்பவரும் புதிய படகு வைத்திருப்பவரும் ஒரே கோட்டில் நின்று போட்டியிடலாம். வசதி குறைந்தவருக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது.

சலுகை நிற்கும் இடம்

இந்த நியாயம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. கடிகாரத்தைத் திருத்தலாம், கடலைத் திருத்த முடியாது. புயற்காற்று வீசும்போது அது படகின் எண்ணைக் கேட்டுவிட்டு வீசுவதில்லை. சொல்லப்போனால், போட்டியில் அதிகச் சலுகை பெறும் சிறிய, மெதுவான படகுதான் கடலில் அதிக நேரம் இருக்கிறது. வேகமான படகு கரை சேர்ந்த பிறகும் அது நடுவழியில் நிற்கிறது. மழை வந்தால் நனைவதும் கவிழ்வதும் அதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாதுகாப்புப் பொருள்களுக்கு எடை உண்டு. மூவர் ஏறும் திறந்த படகு ஒன்றில் நங்கூரம், அதன் கயிறு, வாளி, துடுப்பு, குடிநீர், அபாய ஒளிப்பந்தங்கள் எல்லாவற்றையும் ஏற்றினால் பத்துக் கிலோவைத் தாண்டிவிடும். சில விநாடிகளில் வெற்றி தோல்வி தீர்மானிக்கப்படும் போட்டியில், "இன்று வானம் தெளிவாகத்தானே இருக்கிறது, நங்கூரம் எதற்கு?" என்ற எண்ணம் யாருக்கும் வரலாம். ஒருவர் அதைக் கரையில் வைத்துவிட்டுப் போனால், முறையாக ஏற்றி வந்தவர் தம் நேர்மைக்காகவே தோற்க நேரிடும். அடுத்த வாரம் அவரும் கரையில் வைத்துவிடுவார்.

ஆகவேதான், பாதுகாப்புப் பட்டியல் ஒருவரின் விருப்பத்துக்கு விடப்படுவதில்லை. அது எல்லாருக்கும் பொதுவான விதி. விதியை மீறினால் போட்டியிலிருந்து நீக்கப்படலாம். இந்த விதி உயிரையும் காக்கிறது, போட்டியின் நியாயத்தையும் காக்கிறது.

விதிகளின் அடுக்குகள்

பாய்மரப் போட்டி விதிகளை உலகப் பாய்மரக் கூட்டமைப்பு வெளியிடுகிறது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவை திருத்தி வெளியிடப்படுகின்றன. 1907-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இவ்வமைப்பு, 2015 முதல் 'வேர்ல்டு செய்லிங்' என்ற பெயரில் இயங்குகிறது.

அந்த விதி நூலின் முதல் விதியே பாதுகாப்பைப் பற்றியதுதான். படகில் உள்ள அனைவருக்கும் போதுமான உயிர்காப்புக் கருவிகள் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று உடனே எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் இருக்க வேண்டும். சூழ்நிலைக்கு ஏற்ற மிதவை அங்கியை அணிவது ஒவ்வொரு போட்டியாளரின் சொந்தப் பொறுப்பு என்கிறது அவ்விதி. போட்டியில் கலந்துகொள்வதா, தொடர்வதா என்ற முடிவு முற்றிலும் அந்தப் படகையே சார்ந்தது என்று இன்னொரு விதி சொல்கிறது. "ஏற்பாட்டாளர் போகச் சொன்னார், போனேன்" என்று பின்னால் சொல்ல முடியாது.

இதற்கு அடுத்த அடுக்கு, கரையைவிட்டுத் தொலைவில் நடக்கும் போட்டிகளுக்கான சிறப்பு ஒழுங்குமுறைகள். இவை போட்டிகளை 0 முதல் 4 வரை வகைப்படுத்துகின்றன. பெருங்கடலைக் கடக்கும் நெடும்போட்டி 0-ஆம் வகை. கரையை ஒட்டி, வெதுவெதுப்பான அல்லது காற்றுத் தடுப்புள்ள நீரில், பெரும்பாலும் பகலில் நடப்பது 4-ஆம் வகை. வகை எண் குறையக் குறையப் பட்டியல் நீளும். பகலில் மட்டும், மீட்பு உதவி அருகிலேயே கிடைக்கும் இடங்களில் நடக்கும் கரையோரப் போட்டிகளுக்கு இன்னும் எளிய பட்டியல் ஒன்று பின்னிணைப்பாக உள்ளது.

மூன்றாவது அடுக்கு, உள்ளூர் ஏற்பாட்டாளர் தரும் போட்டி அறிவிப்பும் ஓட்ட விதிமுறைகளும். உலக விதி எங்கோ எழுதப்பட்டது. உள்ளூர் ஆற்றின் நீரோட்டமும் சேற்றுத் திட்டும் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். ஆகவே ஒருவர் ஓட்டும் சிறு படகுக்கு மிதவை அங்கியும் விசிலும் இழுவைக் கயிறும் போதுமா, மூவர் ஏறும் படகுக்கு நங்கூரமும் வேண்டுமா என்பதை அவர்களே பட்டியலிடுவார்கள்.

கடல் நிலை மாறினால் நடுவர் குழு சிவப்பும் மஞ்சளும் சாய்கோடுகளாக அமைந்த 'ஒய்' கொடியை ஏற்றும். அது ஏறிவிட்டால் அனைவரும் மிதவை அங்கி அணிந்தே ஆக வேண்டும். பல உள்ளூர்ப் போட்டிகளில் கொடிக்கெல்லாம் காத்திருப்பதில்லை. கரையில் கால் எடுத்து வைத்தது முதல் கரை திரும்பும் வரை அங்கி கழற்றக்கூடாது என்றே விதிமுறையில் எழுதிவிடுகிறார்கள். அதுவே நல்லது.

பட்டியலில் என்ன இருக்கிறது?

மிதவை அங்கி: நாம் எல்லாவற்றையும் 'லைப் ஜாக்கெட்' என்கிறோம். உண்மையில் இவற்றில் வகைகள் உண்டு. மிதக்கும் ஆற்றலை நியூட்டன் என்ற அலகில் குறிப்பார்கள். பத்து நியூட்டன் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். நீரில் மூழ்கிய மனித உடலின் எடை சில கிலோதான் என்பதால், 50 நியூட்டன் அங்கியே நம்மை மிதக்கவைத்துவிடும். இது அசைய வசதியானது. சிறு படகோட்டிகள் பெரும்பாலும் இதையே அணிகிறார்கள். ஆனால் இது நீந்தத் தெரிந்தவருக்கும், மீட்புப் படகு அருகில் உள்ள இடத்துக்கும் உரியது. மயங்கியவரின் முகத்தை இது வானத்தை நோக்கித் திருப்பிவிடும் என்று நம்ப முடியாது. அந்த வேலையைச் செய்வதற்கென்று வடிவமைக்கப்பட்டவை 100, 150 நியூட்டன் அங்கிகள். திறந்த கடலுக்கு 150 என்பது பொதுவான அளவு.

"அண்ணே, நான் நல்லா நீந்துவேன். எனக்கு எதற்கு ஜாக்கெட்?" என்று ஒரு தம்பி ஒருமுறை கேட்டார். நீந்தத் தெரிந்தவர் நீந்துவதற்குக் கையும் காலும் நினைவும் வேண்டும். காற்று திசை மாறும்போது பாயின் அடித்தண்டு சட்டென்று மறுபக்கம் வீசும். அது தலையில் பட்டால் நினைவு போகும். தசைப்பிடிப்பு வந்தால் கால் போகும். அங்கி வேலை செய்ய வேண்டிய நேரம் அதுதான். அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னபோது அவர் தலையை ஆட்டிவிட்டு வாரை இறுக்கிக்கொண்டார்.

அங்கி பொருத்தமாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அணிந்தவரின் தோள்பட்டையில் அங்கியைப் பிடித்து மேலே தூக்குங்கள். அது காது வரை ஏறினால் தளர்வு என்று பொருள். தண்ணீரில் விழுந்தால் அங்கி மேலே மிதக்கும், ஆள் கீழே நழுவுவார். சிறுவர்களுக்குக் கால்களுக்கிடையே வரும் வார் கட்டாயம் வேண்டும். அங்கியை இருக்கையாகப் போட்டு உட்காரவும் கூடாது. உள்ளே இருக்கும் நுரை நசுங்கி, மிதக்கும் ஆற்றல் குறைந்துவிடும்.

படகின் மிதவை: ஆள் மிதந்தால் மட்டும் போதாது, படகும் மிதக்க வேண்டும். சிறு படகுகளில் காற்றடைத்த அறைகளோ பைகளோ இருக்கும். படகு கவிழ்ந்து நீர் நிரம்பினாலும் அவை மூழ்கவிடா. நீர் வடியும் துளையின் அடைப்பான் தொலைந்துபோனால், அல்லது சோதனை மூடி சரியாக மூடாவிட்டால் அந்த அறையே நீர்த்தொட்டியாகிவிடும். சோதனையின்போது நாங்கள் முதலில் தட்டிப் பார்ப்பது இதைத்தான்.

வாளி: பட்டியலிலேயே மலிவான பொருள். உலக ஒழுங்குமுறையில் இதற்கும் அளவு உண்டு. குறைந்தது 9 லிட்டர், உறுதியான கட்டமைப்பு, பிடித்துக்கொள்ளக் கயிறு. ஏன் 9 லிட்டர்? படகில் 200 லிட்டர் நீர் புகுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அது 200 கிலோ எடை. 9 லிட்டர் வாளியால் 23 முறை அள்ளினால் தீர்ந்துவிடும். ஒரு லிட்டர் குவளையால் 200 முறை அள்ள வேண்டும். அதற்குள் அடுத்த அலை வந்துவிடும். கயிறு கட்டாத வாளி முதல் வீச்சிலேயே கையைவிட்டுப் போய்விடும். பலர் மறப்பது இந்தக் கயிற்றைத்தான்.

எறிகயிறு: 15 முதல் 25 மீட்டர் நீளமுள்ள, மிதக்கும் கயிறு. மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் போகும் படகு ஒரு விநாடியில் இரண்டரை மீட்டர் கடக்கிறது. ஒருவர் தண்ணீரில் விழுந்து பத்து விநாடி ஆனால், அவர் 25 மீட்டர் பின்னால் இருப்பார். நம் கயிற்றின் நீளமே அவ்வளவுதான். அதனால்தான் கயிறு 'படகில் இருக்க வேண்டும்' என்று மட்டும் சொல்லாமல், 'ஓட்டுபவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்' என்கிறார்கள். பைக்குள் பைக்குள் பையாக மடித்து வைத்த கயிறு இல்லாத கயிறுக்குச் சமம்.

துடுப்பு, நங்கூரம்: காற்று நின்றுவிட்டால் பாய்மரப் படகு வெறும் மரக்கட்டை. துடுப்பு இருந்தால் ஒதுங்கலாம். நீரோட்டம் கடலுக்கு இழுத்தால் நங்கூரம் ஒன்றே படகை நிறுத்தும்.

கத்தி, விசில்: கவிழ்ந்த படகின் கயிறுகளுக்குள் கால் சிக்கினால் அவிழ்க்க நேரம் இருக்காது, அறுக்க வேண்டும். விசிலை அங்கியிலேயே கட்டியிருக்க வேண்டும். அலையின் இரைச்சலில் மனிதக் குரல் சீக்கிரம் ஓய்ந்துவிடும், விசில் ஓயாது.

அழைக்கும் கருவிகள்: நீர்புகா உறையில் கைத்தொலைபேசி, முடிந்தால் கையடக்க வானொலித் தொடர்புக் கருவி. கடலில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும் அபாய அலைவரிசை 16. அவசர எண் 999. மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் 2005-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது முதல் கடலில் தேடி மீட்கும் பணியைச் செய்து வருகிறது. ஒளிப்பந்தங்களுக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதையும் மறந்துவிடக்கூடாது.

நம் கடலின் குணம்

இந்த விதிகளில் பெரும்பகுதி குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே விழுந்தவரை முதலில் தாக்குவது குளிர். நம் நீர் வெதுவெதுப்பானது. அதனால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. வேறு ஆபத்துகள் இங்கே காத்திருக்கின்றன.

முதலாவது, ஏற்ற இறக்கம். மலாக்கா நீரிணையின் இப்பகுதியில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் ஏறக்குறைய நான்கு மீட்டர் ஏறி இறங்கும். மாடி வீட்டின் ஒரு தளத்தைவிட அதிகம்! ஆறு மணி நேரத்துக்குள் இவ்வளவு நீர் வெளியேற வேண்டுமென்றால் சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஓட்டம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காற்று குறைந்த நேரத்தில் அது சிறு படகைக் கடலுக்கு இழுத்துச் சென்றுவிடும்.

இரண்டாவது, சேறு. கோலா சிலாங்கூர்க் கரை மணற்கரை அன்று. அலையாத்திக் காடும் சேற்றுத் திட்டும்தான். நீர் வடிந்தால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். கரை கண்ணுக்குத் தெரியும். ஆனால் நடந்து போக முடியாது, கால் முழங்கால் வரை புதையும். நீர் ஏறும் வரை வெயிலில் காத்திருக்க வேண்டும். குடிநீர் பட்டியலில் இருப்பது அதனால்தான்.

மூன்றாவது, 'சுமத்திரா' என்று அழைக்கப்படும் திடீர்க் காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ, சுமத்திராப் பக்கமிருந்து கருமேக வரிசையாக வரும். சில நிமிடங்களில் அமைதியான கடல் கொந்தளிக்கும். அதோடு இடியும் மின்னலும் சேர்ந்துகொள்ளும். உலகில் இடி மின்னல் மிகுந்த வட்டாரங்களில் நம் சிலாங்கூர்ப் பகுதியும் ஒன்று. வெட்டவெளிக் கடலில் மிக உயர்ந்த பொருள் நம் படகின் அலுமினியப் பாய்மரம்தான் என்றால், மின்னல் எங்கே இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. மேகம் திரண்டால் நீலமும் வெள்ளையும் கட்டங்களாக அமைந்த கொடியை ஏற்றி நடுவர் போட்டியைக் கைவிடலாம். கோப்பை அடுத்த வாரமும் கிடைக்கும்.

விதிகள் பிறந்த கதை

இவ்விதிகளை வாசிக்கும்போது, "இவ்வளவு நுணுக்கமா?" என்று சலிப்பு ஏற்படலாம். ஆனால், பல வரிகளுக்குப் பின்னால் உயிர்கள் போயிருக்கின்றன.

1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலான கடலில் பாஸ்ட்நெட் போட்டி நடந்தது. 303 படகுகள் புறப்பட்டன. நடுவழியில் கடும்புயல் தாக்கியது. போட்டியாளர்கள் 15 பேர் மாண்டனர். பெரிதும் அடிபட்டவை சிறிய படகுகளே. இருபத்து நான்கு படகுகளைக் கைவிட்டு ஆட்கள் வெளியேறினர். அவற்றில் பெரும்பாலானவை மூழ்கவில்லை. மூழ்கியவை ஐந்து மட்டுமே. மற்றவை ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. படகைவிட்டு மிதவைத் தெப்பத்துக்கு மாறிய சிலர் அந்தத் தெப்பங்களிலேயே உயிரிழந்தனர். இதிலிருந்து கிடைத்த பாடம் இன்றும் எல்லாப் பயிற்சிகளிலும் முதலில் சொல்லப்படுகிறது: படகு மிதக்கும்வரை படகைவிட்டுப் போகாதே. கவிழ்ந்த படகிலிருந்து கரையை நோக்கி நீந்தத் தொடங்குபவர் தேடுபவர் கண்ணில் வெறும் தலை. படகைப் பிடித்துக்கொண்டிருப்பவர் தொலைவிலிருந்தே தெரிவார்.

1998-ஆம் ஆண்டு சிட்னியிலிருந்து ஹோபார்ட்டுக்கு நடந்த போட்டியில் 115 படகுகள் புறப்பட்டு 44 மட்டுமே இலக்கை அடைந்தன. ஆறு பேர் இறந்தனர். 55 பேர் கடலிலிருந்து மீட்கப்பட்டனர். அதன் பிறகு, கருவி இருந்தால் போதாது, அதைப் பயன்படுத்தப் பயிற்சியும் வேண்டும் என்ற விதி வலுப்பெற்றது.

இவையெல்லாம் தொலைதூரக் கதைகள் என்று ஒதுக்க வேண்டாம். 2010-ஆம் ஆண்டு ஜனவரியில் பினாங்கில் பயிற்சியில் இருந்த பள்ளி டிராகன் படகு ஒன்று கவிழ்ந்து, ஆசிரியர் ஒருவரும் மாணவர்கள் ஐவரும் உயிரிழந்தனர். அது திறந்த பெருங்கடல் அன்று. புயல் நாளும் அன்று. ஜார்ஜ்டவுன் கரையோரம்தான்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி

விதி நூலின் முதல் விதி பாதுகாப்பைப் பற்றியது என்றேன். அவ்விதியின் முதல் பகுதி கருவிகளைப் பற்றியது அன்று. ஆபத்தில் இருக்கும் எந்த மனிதருக்கும் எந்தக் கலத்துக்கும் இயன்ற உதவி அனைத்தையும் செய்ய வேண்டும் என்பதே அது. போட்டி விதி நூலின் முதல் வரி வெற்றியைப் பற்றிப் பேசாமல் உதவியைப் பற்றிப் பேசுவது குறிப்பிடத்தக்கது.

1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் பூசான் நகரில் நடந்தன. கனடாவின் லாரன்ஸ் லெமியூ தம் பிரிவில் இரண்டாம் இடத்தில் போய்க்கொண்டிருந்தார். காற்று வலுத்தது. வேறொரு பிரிவில் போட்டியிட்ட சிங்கப்பூர் வீரர்கள் இருவரின் படகு கவிழ்ந்து, அவர்கள் காயத்தோடு தண்ணீரில் தத்தளித்தனர். லெமியூ போட்டியைவிட்டுத் திரும்பிச் சென்று இருவரையும் தூக்கி, மீட்புப் படகு வரும்வரை காத்திருந்து ஒப்படைத்தார். நடுவர் குழு அந்த ஓட்டத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே வழங்கியது. பியர் தெ குபர்த்தேன் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது. உதவப் போனவர் இழந்த நேரத்தை ஈடுகட்ட இன்றைய விதியிலும் இடமுண்டு. கடல் தராத சலுகையை மனிதர் ஒருவருக்கொருவர் தருவதற்கான ஏற்பாடு இது.

நமக்கு என்ன தொடர்பு?

தமிழ்மொழிக் கழக ஆண்டு மலரில் படகுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். மலாய் மொழியில் கப்பலைக் 'காப்பால்' என்கிறார்கள். அது நம் சொல். 'கட்டமரான்' என்று உலகமே சொல்வது நம் கட்டுமரம். 1025-ஆம் ஆண்டு வாக்கில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரம் வந்ததை மேடைதோறும் பேசுகிறோம். ஆனால், அந்தக் கடலைப் பார்த்தால் நம் பிள்ளைகளில் பலருக்குப் பயம். அல்லது பயமே இல்லாத அலட்சியம். இரண்டும் ஆபத்துதான்.

இதற்குக் காரணமும் உண்டு. தோட்டத்தில் நமக்கு நீச்சல் குளம் இல்லை. வாய்க்காலிலும், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் விட்டுப்போன ஈயக் குட்டைகளிலும் தாமாகவே நீந்தப் பழகியவர்கள் சிலர். அங்கே போகக்கூடாது என்று அடித்து வளர்க்கப்பட்டவர்கள் பலர். என் அம்மா இரண்டாம் வகை. தண்ணீர்ப் பக்கம் போனால் பிரம்பு எடுப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்; குட்டையில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளை அவர் பார்த்திருக்கிறார். ஆனால், "போகாதே" என்று மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளை ஒருநாள் பல்கலைக்கழக நண்பர்களோடு போகத்தான் செய்யும். அப்போது எப்படிப் பாதுகாப்பாகப் போவது என்று அதற்குத் தெரிந்திருக்காது.

தமிழ்நாட்டில் நிலை மாறி வருகிறது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் பெண். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கிலும், 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அவர் போட்டியிட்டார். நம் மாணவர்களாலும் முடியும். பல்கலைக்கழகப் புறப்பாட நடவடிக்கையில் நீச்சலோ படகோட்டமோ இருந்தால், கூச்சப்படாமல் பெயர் கொடுங்கள்.

போட்டிக்குப் போகாதவர்களும் படகில் ஏறாமல் இருக்கப்போவதில்லை. நம் கழகத்தின் சுற்றுலா என்றால் கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சி பார்க்கச் சம்பானில் ஏறுவோம். நீர் வடிந்த நாளில் கடல் நடுவே மணல்திட்டில் வானம் தெரியும் 'ஸ்கை மிரர்' பார்க்க விசைப்படகில் போவோம். அந்த நேரத்தில் இக்கட்டுரையிலிருந்து நான்கு கேள்விகளை நினைவில் கொள்ளுங்கள். ஆளுக்கொரு அங்கி இருக்கிறதா, அதைத் தோளில் தூக்கிப் பார்த்தால் காது வரை ஏறாமல் நிற்கிறதா? எத்தனை பேர் ஏறினோம் என்று கரையில் யாரிடமாவது எண்ணிக்கை இருக்கிறதா? இன்றைய நீர் ஏற்ற இறக்கமும் வானிலையும் பார்த்தாயிற்றா? ஏதாவது ஆனால் யாரை, எப்படி அழைப்பது?

நான்கில் ஒன்றுக்குப் பதில் "இல்லை" என்றாலும் ஏற வேண்டாம். படம் எடுக்க அங்கியைக் கழற்றச் சொல்லும் நண்பரிடமும் மறுத்துவிடுங்கள். "சும்மா பத்து நிமிடம்தானே" என்பவரிடம், விழுவதற்குப் பத்து விநாடி போதும் என்று சொல்லுங்கள். முன்பணம் கட்டிவிட்டோம், பேருந்து காத்திருக்கிறது, தலைவர் கோபிப்பார் என்பதெல்லாம் கரையில் பேசித் தீர்க்கக்கூடியவை. கழகச் செயலவையினர் சுற்றுலாவுக்கான செலவுக் கணக்கை எழுதும்போதே இந்த நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, படகுத் துறையில் ஒருவர் பொறுப்பேற்றுச் சரிபார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவரலாம். அதற்கு ஒரு காசும் செலவில்லை.